ரம்பம் என்ற வடிகட்டி

1

காலையில் கணினியைத் திறந்தால் முதலில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நிற்கிறது. உங்கள் இலவசச் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, வாங்குகிறீர்களா, பிறகு பார்க்கலாமா என்று கேட்கிறது. பிறகு பார்க்கலாம் என்பதை அழுத்திவிட்டுக் காப்பி போடப் போகிறேன். அந்த மென்பொருளைக் கழற்றிப் போட அரை நிமிடம் ஆகாது. நான் கழற்றவில்லை. தினமும் ஒரு தடவையாவது யாராவது என் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. அதற்கு இந்தப் பெட்டி போதும்.

நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் என்கிற ஊரில். வந்த புதிதில் குளிருக்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டவன், இப்போது ஒன்றோடு சைக்கிள் மிதித்து ஆபீஸ் போகிறேன். மற்றபடி பெரிய முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டச்சு மொழி இன்னும் என் வாயில் பாதிதான் நுழைகிறது. மகள் காவ்யா அதில் கனவே காண்கிறாள் என்று நினைக்கிறேன்.

நான் படித்தது திருச்சி கைலாசபுரம் டவுன்ஷிப்பில். அப்பாக்கள் எல்லோரும் ஒரே தொழிற்சாலை, பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம். அந்த வகுப்பில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டோம். போன புதிதில், வாட்ஸ்அப் என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத காலத்தில், எங்களுக்கென்று ஒரு நியூஸ்குரூப் தொடங்கினோம். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. இணையத்தில் மாட்டிய அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் ஒன்றை எழுதிப் போடுவான், அதற்கு அடியில் இன்னொருத்தன் பதில் போடுவான், அந்தப் பதிலுக்கு ஒரு பதில் என்று கிளை விட்டுப் போகும். எதுவும் அழியாது. பத்து வருடத்துக்கு முந்தைய சண்டைக்கு இன்று காலை எழுந்து உட்கார்ந்து பதில் எழுதலாம். எழுதியும் இருக்கிறோம்.

இதற்கான சர்வர் மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே மாடிப்படி ஏறினால் வருகிற கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறது. கடைக்காரன் குமரேசன், எங்கள் வகுப்புதான், வீடு திருவானைக்காவல். அந்தப் பழைய பெட்டிக்கு நெற்றியில் விபூதிப் பட்டை போட்டு வருடம் முழுக்க ஓடவிட்டிருக்கிறான். வாட்ஸ்அப் குரூப்பும் எங்களுக்கு உண்டு. அதில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வரும். பேச்சு எல்லாம் நியூஸ்குரூப்பில்தான்.

அந்தப் பேச்சில் முக்கால்வாசி சேஷாத்ரியுடையது.

2

சேஷாத்ரியை நாங்கள் சேஷு என்போம். அவன் அப்பா தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. பூர்வீகம் ஸ்ரீரங்கம், கோயில் கைங்கரியக் குடும்பம். அவனும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து, கண் மங்கியதும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, உத்திர வீதிக்குத் திரும்பி மனைவி பத்மாவோடு இருக்கிறான். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. சர்க்கரை உண்டு. சர்க்கரை கண்ணுக்குப் போய், இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது.

தினமும் காலையில் சேஷு குரூப்பில் எழுதுவான். கொள்ளிடத்தில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, ஒன்றாம் நம்பர் பஸ் காவேரிப் பாலத்தில் ஏன் நின்றது, பஸ்ஸை விட்டு இறங்கித் தள்ளியவர்களில் யார் யார் தெரிந்தவர்கள், பத்மா வாங்கின வாழைப்பூவில் உள்ளே எவ்வளவு அழுகல், புறப்பாடு இன்று எத்தனை நாழி தாமதம், தாமதத்துக்கு யார் காரணம், அந்த யாருடைய மச்சினன் எங்கே வேலை பார்க்கிறான். ஒரு விஷயத்திலிருந்து புறப்பட்டால் அதன் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவான். ஐயோ, என்ன ரம்பம்டா இவன் என்று நான் பல தடவை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் படிப்பேன். நாங்கள் எல்லோரும் படிப்போம், அடியில் யாராவது ஒருத்தன் கிண்டலாக ஒரு வரி போடுவான், சேஷு அதற்கு இருபது வரி பதில் எழுதுவான்.

இந்த வருடம் கணினிகளை எல்லாம் புதுப்பித்ததில், நாங்கள் நியூஸ்குரூப் படிக்க வைத்திருந்த பழைய மென்பொருள் ஓட மாட்டேன் என்று படுத்துவிட்டது. குமரேசன் போன் பண்ணினான்.

"டேய் சுந்தரு, புதுசா ஒரு சாஃப்ட்வேர் இருக்காம். காசுதான், ஆனா இந்த மாசக் கடைசி வரைக்கும் எல்லாரையும் சும்மா யூஸ் பண்ணிப் பாக்க விடுறான். நீதான் இதுல எல்லாம் கில்லாடி. இறக்கிப் பாத்துட்டு நல்லாருக்கா இல்லையான்னு சொல்லு. நல்லாருந்தா எல்லாரும் வாங்கிடுவோம்."

"பாத்துட்டாப் போச்சு."

"நம்ம சேஷுவை மனசுல வச்சுக்கடா. அவனுக்குக் கண்ணு சரியில்ல. எழுத்தப் பெருசாக்க முடியுதா, அதை மட்டும் கட்டாயம் பாத்துடு."

"அதெல்லாம் பாத்துக்கறேன், வைடா."

அப்படித்தான் சொன்னேன்.

3

அந்த மென்பொருளில் இல்லாத வசதி இல்லை. திருவிழாக் கடையில் நுழைந்த பையன் மாதிரி ஆகிவிட்டேன். பதில்களைக் கிளை கிளையாக வண்ணம் பூசிக் காட்டியது. பல வருடப் பழைய பேச்சைக் கண் மூடித் திறப்பதற்குள் தேடித் தந்தது. படம் வந்தால் தானே எடுத்து வைத்தது. எழுதுகிற ஆளுக்கு மதிப்பெண் போடலாம், பிடித்தவர் எழுதினால் மணி அடிக்கலாம். இலவசக் காலம் கொஞ்சம்தானே, அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிற வெறியில் ஆபீஸ் வேலையைக்கூட ஒதுக்கி வைத்தேன். அறுபதை நெருங்குகிறவனுக்கு இவ்வளவு உற்சாகம் வருவதே அபூர்வம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதில் ஒரு வடிகட்டி இருந்தது. ஒருவருடைய பெயரைக் கொடுத்தால், அவர் எழுதுவது எதுவும் நம் கண்ணில் படாது. வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. கை சேஷாத்ரி என்று தட்டியது. வடிகட்டிக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டது. ரம்பம் என்று தமிழில் தட்டினேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன் வேறு.

சோதித்த பிறகு அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

இதற்குள் நண்பர்கள் எல்லோரும் அந்த மென்பொருளை இறக்கிக்கொண்டார்கள். இறக்கிவிட்டு, "டேய், எனக்கு இந்த செட்டிங்ஸ் எல்லாம் வராது, நீ பண்ணினதை அப்படியே அனுப்பு" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கள் வகுப்பின் குணம் அது. பிசிக்ஸ் ரெகார்டு நோட்டை ஒருத்தன் எழுதுவான், மற்றவர்கள் அப்படியே பார்த்து எழுதுவோம். அந்த ஒருத்தன் எப்போதும் சேஷுதான். ஒரு தடவை அவன் ஒரு கிராஃபைத் தப்பாக வரைந்து, குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் சரியாகப் போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அடித்ததையும் சேர்த்து எழுதினோம். வாத்தியார் நோட்டுகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றார். சேஷு எழுந்து, "நான்தான் சார், அவங்க எல்லாம் என்னைப் பார்த்து எழுதினாங்க" என்று சொல்லாமல், "தெரியலை சார்" என்றான். அடியை மொத்தமாக வாங்கினோம்.

இந்தத் தடவை ரெகார்டு எழுதியவன் நான். என் செட்டிங்ஸை ஒரு கோப்பாக்கி எல்லோருக்கும் அனுப்பினேன். அழுத்தினால் போதும், என்னுடையது மாதிரியே ஆகிவிடும் என்று பெருமையாக ஒரு குறிப்பு வேறு. எல்லோரும் அழுத்தினார்கள். ஒருத்தனும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சேஷுவும் அழுத்தினான்.

4

அடுத்து வந்த நாட்களில் குரூப் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கிரிக்கெட், கொஞ்சம் அரசியல், யாருடைய பேரனுக்கோ பல் முளைத்தது. மளமளவென்று படித்து முடித்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன். சேஷுவைக் காணோமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர்கள் புதுசில் கை பழகிக்கொண்டிருப்பான் என்று நினைத்திருக்கலாம். நான் என்ன நினைத்தேன்? காரணம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அதிலும் பாதி. என் திரையில் மட்டும் அவன் இல்லை, மற்றவர்கள் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். கோப்புக்குள் வடிகட்டியும் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

குமரேசனுக்கு அறிக்கை எழுதி, அதைக் குரூப்பிலும் போட்டேன். தேடல் பிரமாதம், வண்ணம் பிரமாதம், வடிகட்டியைப் பற்றித் தனிப் பத்தி. 'வேண்டாததை ஒதுக்கிவிட்டால் குரூப் படிக்கச் சுகமாக இருக்கிறது' என்று எழுதினேன். எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா என்று பார்க்கவே இல்லை.

5

சோதனைக் காலம் முடிந்த காலையில் கணினியைத் திறந்தேன். பெட்டி வந்தது. முழுக்க ஆங்கிலம். காலம் முடிந்துவிட்டதால் காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கிற வசதிகள் நிறுத்தப்படுகின்றன, நிறுத்தப்பட்ட வடிகட்டிகள் இவை என்று சொல்லி, அதன் அடியில் நான் தமிழில் தட்டிய பெயர் மட்டும் பளிச்சென்று நின்றது. ரம்பம். அதற்குப் பக்கத்தில் சேஷாத்ரி.

பெட்டியை மூடினேன். மறைத்து வைத்திருந்தது எல்லாம் குபுகுபுவென்று மேலே வந்தது. முழுக்க சேஷு.

முதல் கடிதம் மீனாட்சிக்கு. மீனாட்சி எங்கள் வகுப்பு, மெல்போர்னில் கண் டாக்டர். எங்கள் காலத்தில் பையன்களும் பெண்களும் பள்ளியில் தனியாகப் பேசியது கிடையாது. அந்தக் கூச்சம் சேஷுவுக்கு இன்னும் போகவில்லை. மீனாட்சிக்குத் தனியாகப் போன் பண்ண மாட்டான், எதையும் குரூப்பில் எல்லார் எதிரிலும்தான் கேட்பான். போனில் இருக்கிற சின்ன எழுத்து தெரியாது என்று வாட்ஸ்அப் பக்கம் அவன் வருவதே இல்லை. அதில் எழுதியிருந்தான்: வலது கண்ணிலும் ரத்தம் கசிந்திருக்கிறது, இங்கே டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் பண்ண வேண்டும் என்கிறார், சரியாகப் போகலாம், இருப்பதும் போகலாம் என்கிறார், பத்மா பயப்படுகிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அதற்கடுத்தது: 'நேத்து எழுதினது வரலை போலிருக்கு. மறுபடி போடறேன்.' கீழே அதே கடிதம்.

அதற்கடுத்து: 'என் திரையிலேயே நான் எழுதினது தெரியலை. புதுசு எனக்குப் பிடிபடலை. எங்கேயோ தப்பா அழுத்தறேன்.' மறுபடி அதே கடிதம், இந்தத் தடவை எழுத்துப்பிழைகளோடு.

பிறகு: 'வந்திருந்தா யாராவது வந்ததுன்னு ஒரு வார்த்தை போடுங்கோ. போதும்.'

பிறகு கொஞ்ச நாள் எதுவும் இல்லை. கடைசியாக ஒன்று: 'எல்லாரும் வேலையா இருப்பேள். பத்மா ஆபரேஷன் வேண்டாம்கறா. நானும் விட்டுடலாம்னு இருக்கேன்.'

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். காப்பி ஆறிப்போயிற்று. உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் திரையிலும் இதே பெட்டி வந்திருக்கும், இதே பெயர் நின்றிருக்கும். ஸ்ரீரங்கத்திலும் வந்திருக்கும். பெட்டியில் இருக்கிற எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, பத்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருப்பான். பத்மா அந்த வார்த்தையைச் சத்தமாகப் படித்திருப்பார்.

அரை மணிக்குள் மீனாட்சி பதில் போட்டிருந்தாள். 'சேஷாத்ரி, தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கே போங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன், நம்பர் அனுப்புங்க.' குமரேசன் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கம் ஓடி, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஆபரேஷன் நடந்தது. வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் தேறியிருக்குமா என்று குமரேசன் கேட்டதற்கு, இப்போது அதை எப்படிச் சொல்வது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

குமரேசன் எனக்குப் போன் பண்ணினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ண?" என்றான். வைத்துவிட்டான்.

6

சேஷு வீட்டுக்குப் போன் போட்டேன். பத்மா எடுத்தார்.

"தூங்கறார் அண்ணா."

அங்கே அப்போது முற்பகல். மறுநாளும் தூங்கினான். அதற்கு மறுநாளும்.

காவ்யா சனிக்கிழமை வந்திருந்தாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "இதுல என்னப்பா இருக்கு? நானே உங்களை ம்யூட்லதான் வச்சிருக்கேன். சண்டே மொத்தமாப் பாத்துப்பேன். எல்லாரும் அப்படித்தான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். திங்கள் முதல் சனி வரை தினமும், மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா, ஜாக்கெட் போட்டாயா என்று அவளுக்கு நான் எழுதுகிறேன். அவள் இங்கேயே பிறந்தவள், ஒதுக்குவதை யாரும் இங்கே குற்றமாக நினைப்பதில்லை. நான் அப்படி இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "போன்ல என்ன பேசப்போறீங்க? செஞ்சதுக்கு நேர்ல போய் நில்லுங்க" என்றாள்.

அவசர விடுப்புக்குப் படிவம் நிரப்ப வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்கிற இடத்தில் முதல் வட்ட உறவு, இரண்டாம் வட்ட உறவு என்று கட்டங்கள் இருந்தன. நண்பனுக்குக் கட்டம் இல்லை. அலுவலகப் பெண்மணி பொறுமையாக, அப்படியானால் சொந்த விடுப்பைக் கழித்துக்கொள்ளலாம் என்றாள். அவசரம் என்ன என்று கேட்டாள். என் பாதி டச்சில், எனக்கு வெட்கக்கேடாக இருக்கிறது என்று சொல்ல முயன்றேன். நான் கூச்ச சுபாவக்காரன் என்று சொன்னதாகப் போய் விழுந்தது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

7

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து நேரே ஸ்ரீரங்கம் போனேன். காவேரிப் பாலம் ஏறும்போதுதான் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். வழக்கமான கைப்பழக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் வாங்கியது, பெரிய சாக்லேட் டப்பா. ஊருக்குப் போகிறவன் எல்லோரும் வாங்குவது. சர்க்கரையால் கண் போனவன் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். டாக்ஸியிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்தேன், அதற்குள் வீடு வந்து டிரைவரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பத்மா கதவைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார். "பக்கத்தாத்துக் குழந்தைகளுக்குக் குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், அவன் முழிச்சிட்டிருக்கானா?"

"இன்னிக்கு முழிச்சிண்டுதான் இருக்கார்."

சேஷு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் கணினி, அதன் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"வாடா சுந்தர். ஃப்ளைட்டுல என்ன போட்டான்?" என்றான். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறவன் மாதிரி ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் முசிறியாம், அவர் பையன் வாழைத்தோப்பை விற்றுவிட்டு லாரி வாங்கினானாம், லாரி டிரைவர் திருவானைக்காவலில் குமரேசன் வீட்டுக்கு எதிர் வீடாம். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நடுவில் ம் போட்டேன். அவன் சட்டென்று நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு."

"கேளு."

"என்னை எடுத்தப்பறம் குரூப் படிக்க நன்னா இருந்துதா?"

"இல்லடா" என்றேன்.

"பொய். உன் ரிப்போர்ட்டைப் பத்மா படிச்சுக் காட்டினாளே. படிக்கச் சுகமா இருக்குன்னு எழுதியிருக்கே."

பத்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரம்பம்னா ரம்பம்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா. ஸ்கூல்ல மூஞ்சிக்கு நேராத்தானே திட்டுவே? நான் என்ன கோச்சிண்டா போயிட்டேன்?"

"சேஷு, மன்னிச்சிருடா."

"கண்ணுதான் பூராப் போயிடுத்துன்னு நெனச்சேன். நான் போடறது எனக்கே தெரியலையே. தப்பா அழுத்தறேன், தப்பா அழுத்தறேன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். இவளை வேற கத்தினேன், நீதான் கீபோர்டைத் துடைக்கறேன்னு எதையோ மாத்திட்டேன்னு. இவ என்ன பண்ணினா பாவம்?"

நான் அழுதுவிட்டேன். அழுதால் மன்னித்துவிடுவான் என்று ஒரு மூலையில் தோன்றியதும் இன்னும் கேவலமாக இருந்தது. சேஷு சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "அழாதே. காப்பி வரது, குடி" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

காப்பி குடித்து முடித்த பிறகு அவனே சொன்னான். "இனிமே என்னால தட்ட முடியாது. குமரேசன் போன்ல பேசினா எழுதும்னு ஏதோ போட்டுக் குடுத்தான். நான் பேசற தமிழ் அதுக்குப் புரியலை. புரிஞ்சாலும் மெஷின்கிட்ட சொல்ல வரலைடா. எதிர்த்தாப்ல ஒருத்தன் ம் போடணும். இவளுக்கு வேலை தலைக்கு மேல. நான் சொல்லச் சொல்ல நீ தட்டிப் போடறியா?"

"போடறேன். தினமும் போடறேன்டா."

"தினமும்னா நான் சொல்றது எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்."

8

இப்போது என் காலை அப்படித்தான் தொடங்குகிறது. பெட்டி வரும், பிறகு பார்க்கலாம் என்பேன், காப்பியோடு வந்து ஸ்ரீரங்கத்துக்குப் போன் போடுவேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு, தெருவில் ஒரு சைக்கிள் விளக்கு போகும். அங்கே வெயில் ஏறியிருக்கும். பத்மா எடுத்து, "இருக்கார் அண்ணா" என்று அவனிடம் கொடுப்பார். அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சேஷு சொல்வான், நான் காதில் மாட்டிக்கொண்டு தட்டுவேன். முடிந்ததும் முந்தைய நாள் வந்த பதில்களைப் படித்துக் காட்டுவேன். மீனாட்சி தவறாமல் இரண்டு வரி போடுகிறாள். எல்லோரும் போடுகிறார்கள், கொஞ்சம் கூடுதலாகவே. அவர்களுக்கும் அந்தக் கோப்பைப் பார்க்காமல் அழுத்திய உறுத்தல் இருக்கும். என்னைப் பற்றி யாரும் குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் தேவலை.

கண் தெரியாதவனுக்குப் பார்த்தது குறைந்து கேட்டது கூடியிருக்கிறது. பேச்சும் கூடியிருக்கிறது.

நேற்று எனக்கு எட்டு மணிக்கு ஒரு மீட்டிங். சேஷு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொடங்கினான். பத்மாவோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயிருக்கிறான், கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். கண்டக்டருக்கு லால்குடி. அவருக்கு ஒரு பெண், நர்ஸிங் படிக்கிறாள், அவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவள் அம்மா தினமும் காலை ரயிலில் டிபன் கொடுத்தனுப்புகிறாள், அந்த டிபனை வாங்கிக் கொடுக்கிற போர்ட்டர் சேஷுவின் அப்பாவுக்குத் தெரிந்தவருடைய பேரன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்த என் விரல், 'கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்' என்கிற இடத்தோடு நின்று, அவன் அடுத்து கோயில் பக்கம் வந்ததும் மறுபடி தட்டத் தொடங்கியது. யோசித்துச் செய்யவில்லை. ம் மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவுதான். படிச்சுக் காட்டு" என்றான்.

படித்தேன். பஸ், கண்டக்டர், கை, அதிலிருந்து கோயில். முடித்தேன். அவர்கள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"இன்னொரு தடவை படிடா" என்றான் சேஷு. "முதல்லேர்ந்து."

கோபமாகச் சொல்லவில்லை. நான் படிக்க ஆரம்பிக்கவில்லை. கண்டக்டர் வரிக்குத் திரும்பிப் போய், லால்குடியையும் அந்தப் பெண்ணையும் ஹாஸ்டலையும் அம்மாவையும் டிபனையும் போர்ட்டரையும் அவசர அவசரமாகத் தட்டிச் சேர்த்தேன். தட்டுகிற சத்தம் போனில் அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். முடிகிற வரைக்கும் காத்திருந்தான்.